செதுக்குக்கோடுகளைத் தேய்த்துவிடாதீர்

ஆமையோடும் பித்தளையும் பதித்த பழைய பிரெஞ்சு மேசைக் கடிகாரங்களை வைத்திருப்போருக்கும், விற்போருக்கும், சீர்செய்வோருக்கும் ஒரு திறந்த மடல்



பதினான்காம் லூயி மன்னன் ஆண்ட காலத்துப் பாரிஸில் உருவாகி, அவனுக்குப் பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் அதே பாணியில் தொடர்ந்து செய்யப்பட்ட, ஆமையோடும் பித்தளையும் இழைத்த பேழைகளைக் கொண்ட மேசைக் கடிகாரங்களை வீடுகளிலோ விற்பனைக் கூடங்களிலோ பட்டறைகளிலோ வைத்திருக்கும் உங்கள் அனைவரிடமும் இம்மடல் முன்வைக்கும் தலையாய வேண்டுகோள் ஒன்றுதான்: அப்பித்தளையைத் துலக்குவதை நிறுத்துங்கள். கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும் இவ்வேண்டுகோளுக்குப் பின்னால், இக்கடிகாரங்கள் எவ்வாறு செய்யப்பட்டன, அவற்றில் எது முதலில் அழிகிறது, அழிந்தபின் எது ஒருபோதும் மீளாது என்ற கேள்விகள் இருக்கின்றன. அவற்றைச் சற்று விரிவாகவே எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வகைப் பேழைவேலை ஆந்த்ரே-ஷார்ல் பௌல் என்ற பாரிஸ் கைவினைஞரின் பெயரால் இன்றும் அறியப்படுகிறது. 1642இல் பிறந்து 1732இல் மறைந்த அவர் இம்முறையை முதன்முதலில் கண்டுபிடித்தவர் அல்லர். இரு வேறு தகடுகளை ஒன்றாக அடுக்கி அறுத்து ஒன்றன் இடைவெளியில் மற்றொன்றைப் பொருத்தும் வழக்கம் அவருக்கு முன்பே இத்தாலியில் இருந்தது. அதை எவரும் எட்டாத நுட்பத்திற்குக் கொண்டுசென்றவர் அவர். அமைச்சர் கோல்பேர், பாரிஸில் இத்தொழிலில் தேர்ந்தவர் இவரே என்று மன்னனிடம் பரிந்துரைத்ததன் பேரில், 1672இல் லூவ்ர் அரண்மனையின் கலைஞர் குடியிருப்புகளில் அவருக்கு இடம் கிடைத்தது. அது வெறும் வீடு மட்டுமன்று. பாரிஸ் நகரத் தொழிற்சங்க விதிகளின்படி மரவேலை செய்பவர் மரவேலையோடும், வெண்கலம் வார்ப்பவர் வார்ப்போடும் நின்றுகொள்ள வேண்டும். அரசனின் பாதுகாப்பில் லூவ்ரில் குடியிருந்தோரை அவ்விதிகள் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே பேழையின் மரக்கூடு, அதன்மேல் ஒட்டிய பதிப்பு, அதன்மேல் திருகிய வெண்கல உருவங்கள் ஆகிய மூன்றையும் ஒரே பட்டறையில், ஒரே கருத்தின்கீழ் செய்யும் வாய்ப்பு பௌலுக்குக் கிட்டியது. அவரது கடிகாரப் பேழைகளில் வெண்கலக் கொடியின் முனை எங்கே முடிகிறதோ அங்கிருந்து பித்தளைப் பதிப்பின் கொடி தொடங்குவது போன்ற இசைவு தென்படுவதற்கு இதுவே காரணம்.

இப்பதிப்பின் செய்முறையை அறிந்தால்தான் துலக்குதல் ஏன் கூடாது என்பது விளங்கும். மார்க்கெத்ரி எனப்படும் இப்பதிப்பு, மரத்தின் மேற்பரப்பைக் குடைந்து உள்ளே செருகும் வேலையன்று. மெல்லிய தகடுகளைச் சித்திர வடிவில் அறுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, முழு மேற்பரப்பையும் போர்வையாக மூடி ஒட்டுவதே அது. பௌல் முறையில் பித்தளைத் தகடு ஒன்றும் அதே கனமுடைய ஆமையோட்டுத் தகடு ஒன்றும் எடுத்துக்கொள்ளப்பட்டு, நடுவில் தாள் வைத்து, பசையிட்டு ஒரே அடுக்காக்கப்படும். சித்திரம் வரைந்த தாள் அதன்மேல் ஒட்டப்படும். ஓர் ஓரத்தில் ஊசித்துளையிட்டு, நூலளவு மெல்லிய வாளை அதனுள் நுழைத்து, கொடிகளும் இலைகளும் பறவைகளும் மனித உருவங்களும் நிறைந்த அச்சித்திரத்தின் கோட்டையொட்டி அறுத்துச் செல்வார்கள். அறுத்து முடிந்ததும் அடுக்கைப் பிரித்தால் ஒரே உழைப்பில் இரு சித்திரங்கள் கிடைக்கும். ஆமையோட்டுப் பின்னணியில் பித்தளைச் சித்திரம் அமைந்தால் அதைப் பிரெமியேர் பார்த்தி, அதாவது முதற்பகுதி, என்றும், பித்தளைப் பின்னணியில் ஆமையோட்டுச் சித்திரம் அமைந்தால் அதைக் கோந்த்ர் பார்த்தி, அதாவது எதிர்ப்பகுதி, என்றும் அழைத்தார்கள். முதற்பகுதியே உயர்ந்ததாகக் கருதப்பட்டு முகப்பில் இடம்பெற்றது. எதிர்ப்பகுதி பக்கங்களுக்கோ, இணையாகச் செய்யப்பட்ட மற்றொரு பொருளுக்கோ சென்றது. சில வேலைப்பாடுகளில் வெள்ளீயக் கலவையும், வண்ணம் தீட்டிய கொம்பும் மூன்றாவது, நான்காவது நிறங்களாகச் சேர்க்கப்பட்டன.

ஆமையோடு ஒளி ஊடுருவும் பொருள் ஆதலால், ஒட்டுவதற்கு முன் அதன் அடிப்புறத்தில் சிந்தூரம் போன்ற நிறமி பூசப்பட்டது. இக்கடிகாரங்களில் காணும் செம்பழுப்பு நிறம் ஓட்டின் நிறம் மட்டுமன்று, அடியிலிருந்து மேலே தெரியும் அந்நிறமியின் ஒளியுமாகும். பொருத்திய சித்திரம் ஓக் அல்லது பைன் மரக்கூட்டின்மேல் வச்சிரத்தால் ஒட்டப்பட்டது. வச்சிரம் என்று தமிழ்த் தச்சர்கள் சொல்லும் விலங்குத்தோல் பசையேதான் அங்கும் பயன்பட்டது. சூடாக்கினால் இளகி, ஆறினால் இறுகி, மீண்டும் சூடாக்கினால் மீண்டும் இளகும் அதன் இயல்பு பின்னர் இம்மடலில் முக்கியமாகும்.

இத்தனைக்குப் பிறகும் வேலை முடிந்துவிடவில்லை. அறுத்து ஒட்டிய பித்தளை இலை, அந்நிலையில் ஒரு நிழலுருவம் மட்டுமே. அதற்கு எல்லைக்கோடு உண்டு, உள்ளே எதுவும் இல்லை. மனித முகம் என்றால் கண்ணும் மூக்கும் அற்ற வட்டம். ஆடை என்றால் மடிப்பற்ற தட்டையான துண்டு. மேற்பரப்பைச் சுரண்டிச் சமன்செய்தபின், செதுக்குபவர் கூரிய சிற்றுளியை உள்ளங்கையில் தாங்கிப் பித்தளைமேல் உந்திச்சென்று, இலையின் நரம்புகளையும், இறகின் அடுக்குகளையும், கன்னத்தின் வளைவைக் காட்டும் நெருக்கமான இணைகோடுகளையும் கீறினார். அக்கீறல்களில் கரிய மெழுகோ அரக்குக் கலவையோ நிரப்பப்பட்டது. அதன்பின்பே நிழலுருவம் சித்திரமாயிற்று. அறுத்தவரின் கை வடிவத்தைத் தந்தது, செதுக்கியவரின் கை உயிரைத் தந்தது என்று சொல்வது மிகையாகாது. பௌல் பெரும் எண்ணிக்கையில் ஓவியங்களையும் அச்சோவியங்களையும் சேகரித்த ரசிகர் என்பதையும், அச்சேகரிப்பின் பெரும்பகுதி 1720ஆம் ஆண்டு அவரது பட்டறையில் மூண்ட தீயில் அழிந்தது என்பதையும் நினைவில் கொண்டால், அச்சோவியத் தட்டில் கோடு கீறும் கலையைப் பேழையின் மேற்பரப்புக்குக் கொண்டுவர அவர் ஏன் அவ்வளவு முனைந்தார் என்பது புரியும்.

அக்கோடுகளின் ஆழம் மிகக் குறைவு. மயிரிழையைவிட அகலம் மிகாத ஒரு கீறல், பித்தளைத் தகட்டின் கனத்தில் ஒரு சிறு பங்கே இறங்கியிருக்கும். துலக்கும் பொருள்களில் பெரும்பாலானவை நுண்ணிய உராய்வுத் தூளைக் கொண்டவை; அவை கறுப்பை மட்டும் நீக்குவதில்லை, கறுப்போடு சேர்த்து உலோகத்தின் ஒரு படலத்தையும் எடுத்துச் செல்கின்றன. முதல் முறை துலக்கும்போது கோடுகளில் நிரம்பியிருந்த கருங்கலவை வெளியேறும். அடுத்தடுத்த முறைகளில் முகத்தின் இணைகோடுகள் மறையும், பிறகு இலைநரம்புகள், இறுதியில் ஆடை மடிப்பின் ஆழமான கோடுகளும் மங்கி, நூற்றாண்டுகளுக்கு முன்னர் அறுக்கப்பட்ட நிலைக்கே, அந்த வெற்று நிழலுருவத்திற்கே, பித்தளை திரும்பும். வாரந்தோறும் குத்துவிளக்கைப் புளியிட்டு விளக்கிப் பழகிய கண்ணுக்கு மினுங்கும் பித்தளையே தூய்மையாகத் தோன்றுவது இயல்புதான். குத்துவிளக்கு வழவழப்பாகவே வார்த்துக் கடையப்பட்டது, தேய்த்தால் அதில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. இங்கே நிலை வேறு. மேலும், துலக்குபொருள்களில் கலந்திருக்கும் அம்மோனியா பித்தளையில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கவல்லது. புளி, எலுமிச்சை போன்ற அமிலங்கள் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையிலிருந்து துத்தநாகத்தைக் கரைத்து, செந்திட்டுகளை விட்டுச்செல்கின்றன.

சந்தேகம் கொள்வோர் ஓர் எளிய சோதனையைத் தாமே செய்துபார்க்கலாம். உருப்பெருக்கு ஆடியொன்றை எடுத்து, கடிகாரத்தின் முகப்புப் பலகையில் கை எளிதில் எட்டும் நடுப்பகுதியையும், வெண்கல உருவத்தின் காலடியில் துணி நுழைய முடியாத மூலையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நடுவில் இருக்கும் இலை வழவழவென்று ஒளிரும். மூலையில் இருக்கும் அதே கொடியின் இலையில், அடியிலிருந்து நுனிவரை ஓடும் நடுநரம்பும், அதிலிருந்து இருபுறமும் பிரியும் சிறுகோடுகளும், இலை மடியும் இடத்தில் நெருங்கி அமைந்த நிழற்கோடுகளும் கருமையாக நிற்கும். நடு இலையின் விளிம்பில் வெண்மையான தூள் படிந்திருந்தால் அது துலக்குபொருளின் எச்சம். ஒரே கை செதுக்கிய இரு இலைகளுக்கிடையே காணும் அவ்வேறுபாடு முழுவதும் துணியின் வேலை.

வெண்கல உருவங்களைப் பற்றியும் ஒரு சொல். உயர்ந்த வேலைப்பாடுகளில் பொன்னும் பாதரசமும் கலந்த பசையை வெண்கலத்தின்மேல் பூசி, சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கி, பொன்னை மட்டும் தங்கவைக்கும் முறை கையாளப்பட்டது. அந்த ஆவியைச் சுவாசித்த முலாம் தொழிலாளர்களின் உடல்நலம் சீர்குலைந்தது என்பது அத்தொழிலின் கொடிய உண்மை. பொன்முலாமுக்கு உரிய விலை கொடுக்க இயலாத இடங்களில் துலக்கிய வெண்கலத்தின்மேல் பொன்னிற வார்னிஷ் மட்டும் பூசப்பட்டது. முலாமைத் துலக்கினால் மங்கலாகவும் ஒளிர்வாகவும் வேண்டுமென்றே மாறிமாறி அமைத்த பரப்புகள் ஒரே மினுக்காகிவிடும். வார்னிஷைத் துலக்கினால் அது அடியோடு போய்விடும். எது முலாம், எது வார்னிஷ் என்று தெரியாத கை இரண்டையும் தொடாதிருப்பதே நன்று.

துலக்குதலுக்கு அடுத்த பெருங்கேடு, எழும்பிநிற்கும் பித்தளை. மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரிவதும் வறட்சியில் சுருங்குவதுமாக ஆண்டு முழுவதும் அசைகிறது. பித்தளை ஈரத்தால் அசைவதே இல்லை. ஆமையோடு தனக்கென ஒரு வகையில் காலப்போக்கில் சுருங்குகிறது. இம்மூன்றையும் கட்டிவைத்திருக்கும் வச்சிரமோ வறண்டால் நொறுங்கவும், நனைந்தால் இளகவும் செய்கிறது. ஆகவே பேழையின் முதுமையில் பித்தளைக் கொடியின் கூரிய முனை ஒன்று ஒட்டுவிட்டு மேலே எழும்புவது தவிர்க்க இயலாத நிகழ்வு. அதை அவ்வாறே விட்டிருந்தால் அது பெரும்பாலும் அங்கேயே நின்றிருக்கும். தூசு தட்டும் துணியின் இழை அம்முனையில் மாட்டிக்கொள்ள, இழுத்த கை அறியாமலேயே கொடியை வளைத்துவிட, அருகிலிருக்கும் ஆமையோடு விரிசல்விட, ஒரு சிறு குறை ஒரு பிற்பகலில் பெரும் சேதமாக மாறுகிறது. துணிக்குப் பதிலாக மென்மையான தூரிகையைப் பயன்படுத்துவதும், வெயில் விழும் சன்னலுக்கருகிலும் கணப்படுப்பின் மேலும் குளிர்சாதனக் காற்று நேரே படும் இடத்திலும் கடிகாரத்தை வைக்காதிருப்பதும், அறையின் ஒப்பு ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி, பெரும் ஏற்ற இறக்கமின்றி வைத்திருப்பதும் உடைமையாளர்களின் கடமை. ஈரத்துணி எக்காரணத்தாலும் கூடாது.

சீர்செய்வோருக்கு இங்கே தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. எழும்பிய பித்தளையை மீண்டும் படியவைக்க, எப்பொக்சி போன்ற செயற்கைப் பசைகளை நாடும் வழக்கம் பட்டறைகளில் பரவியிருக்கிறது. அவை விரைவானவை, வலுவானவை, வாடிக்கையாளரின் கண்ணுக்கு நிறைவானவை. ஆயினும் மரம் அசைவதை எந்தப் பசையாலும் நிறுத்த முடியாது. பசை இளகாதபோது அந்த அசைவின் விசை வேறு வழியின்றிப் பித்தளையை வளைக்கும் அல்லது ஆமையோட்டைப் பிளக்கும். விலங்குப் பசையும் மீன்பசையும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் மீண்டும் இளகக்கூடியவை என்பதால்தான் அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் அவற்றையே விரும்புகிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே பேழையைத் திறக்கும் மற்றொரு கைவினைஞர், முந்தைய வேலையைச் சேதமின்றிப் பிரிக்க இயல வேண்டும். அவ்வாறே, கோடுகள் தேய்ந்துபோன பித்தளையில் புதிதாகச் செதுக்கித் தருமாறு கேட்கும் உடைமையாளருக்கு மறுப்புச் சொல்லும் துணிவும் பட்டறைகளுக்கு வேண்டும். தேய்ந்த தகட்டில் கீறும் புதிய கோடு, எஞ்சியிருக்கும் மெல்லிய பழைய கோட்டின் தடத்தையும் அழித்துவிடும்.

ஆமையோட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் கடந்துபோவது நேர்மையாகாது. இக்கடிகாரங்களில் பயன்பட்டது பெரும்பாலும் அழுங்காமை எனப்படும் கடலாமையின் மேலோட்டுத் தகடுகள். ஓர் ஆமையின் முதுகில் அத்தகைய பெரிய தகடுகள் 13 மட்டுமே உண்டு. வெந்நீரில் இளக்கி, அழுத்தி, ஒன்றோடொன்று இணைத்துப் பரப்பைப் பெரிதாக்க இயன்றதால் அது அத்தனை மதிப்பைப் பெற்றது. தமிழகக் கடற்கரைக்கு இவ்வணிகத்தோடு மிகப் பழைய உறவு உண்டு, கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்ரேயக் கடல் வழிநூல், தமிழகத் துறைமுகங்களில் ஏற்றுமதியான பொருள்களில் ஆமையோட்டையும் குறிப்பிடுகிறது. அத்தகடுகளைப் பெறுவதற்காக உயிருள்ள ஆமையை நெருப்புச்சூட்டில் காட்டி ஓட்டைக் கழற்றிய கொடுமையை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் பதிவுசெய்திருக்கிறார். இன்று அழுங்காமை உலக அளவில் மிக அருகிவிட்ட உயிரினம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலும், இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் அது இடம்பெற்றுள்ளது. எனவே உதிர்ந்த ஓட்டுக்குப் பதிலாகப் புதிய ஓட்டைத் தேடுவது சட்டத்திற்கும் மனச்சான்றுக்கும் முரணானது. நிறமேற்றிய மாட்டுக்கொம்பும் செயற்கைப் பிசினும் மாற்றாகப் போதுமானவை. அருகில் பார்ப்பவர் இது மாற்று என்று அறிந்துகொள்ளும்படி அமைவது குறையன்று. ஏற்கெனவே உயிரிழந்த ஓர் ஆமையின் ஓடு, பேழையில் எஞ்சியிருக்கும்வரை அதைக் காப்பதும் அவ்வுயிருக்குச் செலுத்தும் மதிப்பேயாகும்.

பேழைக்குள் இருக்கும் பொறியமைப்புக்கு வருவோம். 1656இல் ஹாலந்து அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தோடு இணைத்த செய்தி விரைவில் பாரிஸை எட்டியது. 1666இல் அங்கு நிறுவப்பட்ட அறிவியல் கழகத்திற்கு அவரே அழைக்கப்பட்டார். ஊசலின் கணிதத்தை விளக்கும் அவரது பெருநூல் 1673இல் பாரிஸிலேயே, பதினான்காம் லூயிக்குக் காணிக்கையாக வெளிவந்தது. அவருக்குக் கடிகாரங்களைச் செய்துகொடுத்த ஈசாக் துரேயும் அவர் மகன் ஜாக்கும் மன்னனின் கடிகாரக் கலைஞர்கள். அவர்களுக்கும், அரசவை அலங்காரச் சித்திரங்களை வரைந்த ஜான் பெரேனுக்கும், பௌலுக்கும் லூவ்ரின் அதே குடியிருப்புகளில் இடம் இருந்தது. சித்திரம் வரைபவரும், பேழை செய்பவரும், பொறி செய்பவரும் அண்டை வீட்டாராக வாழ்ந்த அச்சூழலிலிருந்துதான் இக்கடிகாரங்களின் தலைசிறந்த மாதிரிகள் பிறந்தன. பௌலின் கைவேலை என்று கருதப்படும் பேழையில் துரே குடும்பத்தின் பொறி அமைந்த, பீடத்தோடு கூடிய கடிகாரம் ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேழையைத் தனியாகவும் பொறியைத் தனியாகவும் மதிப்பிட்டு, ஒன்றைக் காப்பாற்றி மற்றொன்றை மாற்றிவிடும் இன்றைய வணிக வழக்கம் அந்த அண்டைமையை மறந்ததன் விளைவு.

அக்காலப் பொறியில் கடிகாரத்தின் ஓட்டத்தை அடக்கி, பல்பல்லாக விடுவிக்கும் உறுப்பு வெர்ஜ் எனப்படும். மகுடம்போல் பல்லமைந்த சக்கரமொன்றை, ஒரே தண்டில் இருந்து நீளும் இரு சிறு தகடுகள் மாறிமாறித் தடுத்து விடுவதே அதன் செயல். ஊசல் பட்டுநூலில் தொங்கி அகன்ற வீச்சில் ஆடும். மணியடிக்கும் பகுதியில், விளிம்பில் இடைவெளி கூடிக்கூடிச் செல்லும் வெட்டுகளைக் கொண்ட எண்ணுச்சக்கரம், எத்தனை அடி என்பதை முடிவுசெய்யும். அரைமணிக்கு ஓர் அடியும் சேர்த்தால் 12 மணி நேரத்தில் மொத்தம் 90 அடிகள். முகப்பில் பொன்முலாம் பூசிய வெண்கலத் தட்டின்மேல், ரோமன் எண்கள் தீட்டிய சிறு எனாமல் வில்லைகள் தனித்தனியாகப் பொருத்தப்பட்டன. பெரிய வட்டத்தை ஒரே எனாமல் பரப்பாகச் சுட்டெடுக்கும் திறன் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் கைவந்தது. வெடிப்போடிய ஒரு வில்லையை எடுத்துவிட்டுப் பளிச்சென்ற புதிய வில்லையைப் பதிக்கும் பழக்கமும் கைவிடத்தக்கதே.

19ஆம் நூற்றாண்டில் இத்தகைய பழைய பொறிகள் பலவற்றில் வெர்ஜை அகற்றிவிட்டு, ஊசலின் வீச்சைக் குறைத்துத் துல்லியத்தைக் கூட்டும் நங்கூர வடிவ அமைப்பைப் பொருத்தினார்கள். பின்தட்டில் பயனற்று நிற்கும் திருகுத்துளைகளும், பித்தளைக் குச்சியால் அடைத்த வட்டங்களும் அம்மாற்றத்தின் அடையாளங்கள். இப்போது சில சேகரிப்பாளர்கள், மூலநிலைக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆர்வத்தில், நங்கூரத்தை எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்த வெர்ஜைப் பொருத்தச் சொல்கிறார்கள். இவ்விருப்பத்தின் நல்நோக்கத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வாறு பொருத்தப்படுவது மூலம் அன்று, இன்றைய கற்பனை. அகற்றப்படுவதோ நூற்றாண்டுக்கு மேலாக அக்கடிகாரத்தை ஓடவைத்த, தன்னளவில் நேர்மையான, காலம் அறிந்த வேலை. துளைகள் துளைகளாகவே இருக்கட்டும்; அவற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கு அவை கடிகாரத்தின் வரலாற்றைச் சொல்லும். பழைய பொறியை முழுமையாக எடுத்துவிட்டு மின்கலப் பொறியைச் செருகுவதைப் பற்றி விவாதிக்கவே இடமில்லை; அது அழிவு.

விற்போரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பௌல் தம் வேலையில் முத்திரை குத்தும் வழக்கம் உடையவர் அல்லர். பாரிஸ் மரவேலைச் சங்கம் முத்திரையைக் கட்டாயமாக்கியது 18ஆம் நூற்றாண்டின் நடுவில், அவர் மறைந்த பிறகே. அவருடைய காலத்திலேயே நிக்கோலா சாஜோ, முதலாம் பெர்னார் வான் ரிசன்பர்க் போன்றோர் இதே முறையில் சிறந்த வேலை செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எத்தியென் லெவசேர் போன்றோர் பழையவற்றைச் சீர்செய்தும் அப்பாணியில் புதியன செய்தும் தந்தார்கள். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அப்பாணி பெருமளவில் மீண்டும் பரவியது. வெண்கலத்தின்மேல் மகுடம் சூடிய சி எழுத்து முத்திரை இருந்தால், அது 1745 முதல் 1749 வரை செம்புக் கலவைப் பொருள்கள்மீது விதிக்கப்பட்ட வரியின் சான்று. அப்பொருள் அவ்வாண்டுகளில் கைமாறியது என்பதை அது காட்டலாம், அப்போதுதான் செய்யப்பட்டது என்பதைக் காட்டாது. பின்தட்டில் வின்சென்டி, ஜாப்பி, மார்ட்டி போன்ற நிறுவனங்களின் பதக்க முத்திரையோடு வட்டவடிவப் பொறி இருந்தால் அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதை அவ்வாறே சொல்லி விற்பதில் இழிவு ஏதுமில்லை. மூன்றாம் நெப்போலியன் காலத்துக் கடிகாரமொன்று தன் செதுக்குக்கோடுகளோடு முழுமையாக நின்றால், கோடுகள் அனைத்தும் துலக்கித் தேய்க்கப்பட்ட பதினான்காம் லூயி காலத்துக் கடிகாரத்தைவிட அது கற்பிப்பது அதிகம். பௌலின் பெயரை ஒட்டுவதற்காகப் பின்தட்டை மாற்றுவதும், மினுக்கினால் விலை கூடும் என்று ஏலத்திற்கு முன்னர் துலக்கித்தருவதும் வாங்குபவரை ஏமாற்றுவதோடு பொருளையும் சிதைக்கின்றன. வாங்குவோரும் தம் பங்கை உணர வேண்டும்: மங்கிய பித்தளைக்குக் குறைந்த விலையும் மின்னும் பித்தளைக்குக் கூடிய விலையும் கொடுக்கும்வரை எந்தப் பட்டறையும் துணியைக் கீழே வைக்கப்போவதில்லை.

ஆகவே உடைமையாளர்களே, கடிகாரத்தை ஒருமுறை நல்ல ஒளியில் எல்லாப் பக்கங்களிலும் நிழற்படம் எடுத்து, எங்கே கோடுகள் எஞ்சியுள்ளன, எங்கே பித்தளை எழும்பியுள்ளது என்று குறித்துவையுங்கள். பொறியைச் சீர்செய்யக் கொடுக்கும்போது பேழையைத் தனியே வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பேழையைக் கொடுக்க நேர்ந்தால், துலக்கக்கூடாது என்பதை எழுத்தில் கொடுங்கள். சீர்செய்வோரே, செய்த வேலையையும் பயன்படுத்திய பசையையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிப் பேழைக்குள் வையுங்கள். அடுத்துத் திறப்பவருக்கு அது பேருதவி. உதிர்ந்து விழும் துணுக்கு, அரிசியளவு சிறிய பித்தளைச் சுருளாகவோ நகத்துண்டு போன்ற ஓடாகவோ இருந்தாலும், அதை வளைத்து நேராக்க முயலாமல், எந்தப் பக்கத்தில் எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று குறிப்பிட்டு ஓர் உறையில் இட்டுப் பத்திரப்படுத்துங்கள். அதைக் குப்பையோடு பெருக்கித் தள்ளிவிடாதீர்கள்; அதன் இடத்தில் அதைவிடப் பொருத்தமான வேறொரு துண்டை இன்று எவராலும் செய்துதர இயலாது.